விகிதாசாரத்தைத் திருத்தலாம், கைவிடக் கூடாது

கடந்த ஆகஸ்ட் லீவில் எங்கள் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ்களில் நயினாதீவுக்குப் போனோம். நாகபூசணி அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தவர்கள் பாதி, கடலையே பார்த்திராத பிள்ளைகள் பாதி. கோயில் காரியம் முடிந்த பிறகு, சங்கத்தின் கல்விக் குழுவைச் சேர்ந்த ஆறு பேர் மட்டும் ஒரு நாள் பின்தங்கி, குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகேறினோம். ஒரு மணித்தியாலப் பயணம். மலையில் எத்தனை வளைவு வந்தாலும் அசராத எங்கள் மாதர் சங்கத் தலைவி, அலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நெடுந்தீவில் இறங்குதுறைக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் ஒரு பெரியவர் எங்களோடு பேச்சுக் கொடுத்தார். எங்கிருந்து வந்தோம், என்ன வேலை, நாட்சம்பளம் எவ்வளவு என்று எல்லாம் கேட்டுவிட்டு, பேச்சு தேர்தலுக்கு வந்ததும் அவர் சொன்னது இது: "முந்தி எங்களுக்கெண்டு ஊர்காவற்றுறைத் தொகுதி எண்டு ஒண்டு இருந்தது தம்பி. ஒரு எம்.பி. இருந்தவர். நல்லவரோ கெட்டவரோ, ஆரிட்டப் போறதெண்டு தெரியும். இப்ப யாழ்ப்பாணத்துக்கு ஆறு பேர் இருக்கினம். ஆரைக் கேக்கிறது?"

மாதர் சங்கத் தலைவி சும்மா இருக்கவில்லை. "ஐயா, உங்களுக்கு அந்தத் தொகுதி முறையில ஒரு ஆள் கெடைச்சாரு. எங்க அப்பா அம்மாவுக்கு ஓட்டே இல்லாம போச்சு. ஓட்டு வந்த பொறகும் இந்த விகிதாசாரம் வந்துதான் நம்ம ஆளுங்க நாலஞ்சு பேர் சேந்து உள்ள போனாங்க."

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. தேர்தல் முறையை மாற்றுவோம் என்ற பேச்சு ஒவ்வொரு ஆட்சியிலும் எழுகிறது, இந்த ஆட்சியிலும் எழுந்திருக்கிறது. அப்போது நாம் எந்தப் பக்கம் நிற்பது என்று கேட்டால், அந்தத் தேநீர்க் கடையில் கேட்ட இரண்டு நியாயத்தையும் சேர்த்து வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது எமது கருத்து. சங்கத்துக்குள்ளேயே இதில் இரண்டு அபிப்பிராயம் உண்டு என்பதை மறைக்கவில்லை. தொகுதி முறை திரும்பினால் நுவரெலியாவில் நமக்கு வெற்றி நிச்சயம் என்று சில தலைவர்கள் நினைக்கிறார்கள். நுவரெலியாவுக்கு அது சரியாக இருக்கலாம். இரத்தினபுரி, கேகாலை, களுத்துறை, மாத்தளைத் தோட்டங்களில் இருக்கும் நம் ஆட்களின் நிலை என்ன?

முதலில் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். தொண்டமான், சி. வி. வேலுப்பிள்ளை எல்லாம் அந்த ஏழில் அடக்கம். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, அடுத்த ஆண்டு தேர்தல் சட்டத்தைத் திருத்தி வாக்கையும் பறித்தார்கள். 1952இல் நாம் தெரிந்தனுப்பியவர் ஒருவர்கூட இல்லை. அதே காலத்தில் ஊர்காவற்றுறை ஒவ்வொரு தேர்தலிலும் ஒருவரை அனுப்பிக்கொண்டிருந்தது. 1970இலும் 1977இலும் தெரிவானவர் கே. பி. இரத்தினம். அதே 1977இல்தான் தொண்டமான் மூன்று உறுப்பினர் கொண்ட நுவரெலியா – மஸ்கெலியா தொகுதியில், காமினி திசாநாயக்கவுக்கும் அனுர பண்டாரநாயக்கவுக்கும் அடுத்த மூன்றாவது ஆளாகத் தெரிவானார். அது ஒரு உறுப்பினர் தொகுதியாக இருந்திருந்தால் அந்தக் கதவும் திறந்திருக்காது.

1978 அரசியலமைப்பு விகிதாசாரத்தைக் கொண்டுவந்தது. முதலில் வெட்டுப்புள்ளி எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 வீதம். 1988இல் பதினைந்தாவது திருத்தம் அதை 5 வீதமாகக் குறைத்தது. முதல் பொதுத் தேர்தல் 1989இல். அதன் பிறகு மலையகத்தின் குரல் பாராளுமன்றத்தில் இல்லாமல் போனதில்லை.

அப்படியானால் விகிதாசாரம் நல்லது, தொகுதி கெட்டது என்று எழுதிவிட்டுப் போகலாமே? முடியாது. காரணம் அந்தத் தீவுகளிலேயே இருக்கிறது.

1994 ஆகஸ்ட் 16 பொதுத் தேர்தல். யாழ் தேர்தல் மாவட்டத்துக்கு 10 ஆசனம். பதிவு செய்யப்பட்ட வாக்காளர் ஆறு லட்சம் அளவில். யாழ் குடாநாடும் கிளிநொச்சியும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தன, அங்கே வாக்களிப்பு இல்லை. வாக்களிப்பு நடந்தது பெரும்பாலும் கடற்படையின் கட்டுப்பாட்டில் இருந்த தீவுப் பகுதியிலும், புத்தளத்துக்குத் துரத்தப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம்கள் மத்தியிலும்தான். சுயேச்சைக் குழுவாக நின்ற ஈ.பி.டி.பி. பெற்ற வாக்கு 10,744. கிடைத்த ஆசனம் 9. மிச்சம் ஒன்று ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரசுக்கு.

அதே தேர்தலில், அதே நாளில், நுவரெலியாவில் சந்திரசேகரனின் மலையக மக்கள் முன்னணியும் சுயேச்சையாகத்தான் நின்றது. பெற்ற வாக்கு 27,374. கிடைத்த ஆசனம் 1.

இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது, "சார், கணக்குத் தப்பா எழுதிட்டீங்க" என்றார்கள். தப்பு இல்லை. சட்டப்படி சரியான கணக்கு. அந்தப் பாராளுமன்றத்தில் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனம்தான், அரசாங்கம் அமைக்க 113 வேண்டும். சந்திரசேகரனின் ஒற்றைக் கை எவ்வளவு பெறுமதி உடையது என்பது அன்று நாடு முழுவதும் தெரிந்தது. அப்படியென்றால் ஒன்பது கைகளின் பெறுமதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கட்சியைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. போட்டியிட்டார்கள், சட்டம் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள். நமது கேள்வி சட்டத்தைப் பற்றியது.

நமது நாட்டின் விகிதாசாரம் நாடு முழுவதற்கும் சேர்த்துப் பார்க்கும் விகிதம் அல்ல. ஒவ்வொரு தேர்தல் மாவட்டமும் தனித்தனிப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் எத்தனை ஆசனம் என்பது வாக்காளர் இடாப்பைப் பார்த்து முன்கூட்டியே முடிவாகிவிடும். வாக்குப் போட ஆறு லட்சம் பேர் வந்தாலும் பன்னிரண்டாயிரம் பேர் வந்தாலும் பத்து ஆசனம் பத்துத்தான். கொழுந்து எடுக்கும் நமக்கு இந்தச் சங்கதி விளங்காமல் போகாது. எத்தனை கிலோ எடுத்தோம் என்பது ஒரு கணக்கு, தராசடியில் தண்ணீருக்கும் சாக்குக்கும் எத்தனை கிலோ கழித்தார்கள் என்பது வேறு கணக்கு. செக்ரோலில் ஏறுவது இரண்டாவது கணக்குத்தான்.

யுத்தம் முடிந்தபின் இது மறுபக்கம் திரும்பியது. ஆட்கள் வெளிநாடு போய், இடம்பெயர்ந்து, இடாப்பு சுருங்கியதால் யாழ் மாவட்டத்தின் ஆசனம் குறைந்துகொண்டே வந்தது. 1989இல் 11, 2010இல் 9, 2015இல் 7, 2024இல் 6. தீவுப் பகுதியில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்தால் காரணம் கேட்கத் தேவையில்லை. ஆசனம் குறையக் குறைய விகிதாசாரம் பெயரளவுக்கு மட்டுமே விகிதாசாரமாகிறது. 2024 நவம்பர் தேர்தலையே பாருங்கள். யாழ் மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்கு, 3 ஆசனம். தமிழரசுக் கட்சி 63,327 வாக்கு, 1 ஆசனம். தமிழ்க் காங்கிரசும் ஒரு சுயேச்சைக் குழுவும் இருபத்தெட்டாயிரம் அளவில் பெற்றுத் தலா ஒன்று. நாலில் ஒரு பங்கு வாக்குக்குப் பாதி ஆசனம். அடுத்து வந்தவருக்கு ஐந்தில் ஒரு பங்கு அளவு வாக்கு இருந்தும் ஆறில் ஒன்று.

இதுவும் மோசடி இல்லை. மாவட்டத்தில் முதலிடம் வரும் கட்சிக்கு ஒரு ஆசனத்தைப் போனசாக முதலில் எடுத்துக் கொடுத்துவிட்டு, மிச்ச ஐந்தைத்தான் பங்கு போடுகிறார்கள். நாங்கள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். போனஸ் இல்லாமல் ஆறையும் அதே முறையில் பங்கிட்டால் இரண்டு, இரண்டு, ஒன்று, ஒன்று என்று வருகிறது. போனஸ் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குச் சந்தோஷம் வரும், தீபாவளி நேரத்தில். தேர்தலில் அது முதலாளிக்குப் போகும் போனஸ். இருபது ஆசனம் உள்ள மாவட்டத்தில் அதன் பாதிப்பு அவ்வளவாகத் தெரியாது. ஆறும் எட்டும் உள்ள யாழ்ப்பாணத்திலும் நுவரெலியாவிலும் அது ஒரு சிறு கட்சியின் முழு வாழ்வு.

வெட்டுப்புள்ளியைப் பற்றியும் பெரிய சத்தம் எழும், 5 வீதத்தைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று. அதே யாழ்ப்பாணத் தேர்தலில் 5 வீதத்தைத் தாண்டியும் ஆசனம் கிடைக்காதவர்கள் உண்டு. ஆறே ஆசனம் உள்ள இடத்தில் உண்மையான வெட்டுப்புள்ளி எட்டு வீதத்துக்கு மேல் போய்விடுகிறது. சட்டப் புத்தகத்தில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்துச் சண்டை போடுவது வீண்.

இப்போது அந்தப் பெரியவரின் குறைக்கு வருவோம். நெடுந்தீவு முழுவதும் நாலாயிரம் பேர் அளவில்தான். யாழ் மாவட்டப் பட்டியலில் விருப்பு வாக்கால் வெல்ல ஒருவருக்குப் பத்தாயிரத்துக்கு மேல் வேண்டும். தீவில் உள்ள அத்தனை பேரும் ஒரே இலக்கத்துக்குப் புள்ளடி போட்டாலும் அவர்களுடைய ஆள் வர முடியாது. அவர் படகேறி வந்து, பண்ணைப் பாலம் கடந்து, பருத்தித்துறையும் சாவகச்சேரியும் போய், ஆனையிறவு தாண்டிக் கிளிநொச்சி வரை வாக்குக் கேட்க வேண்டும். கிளிநொச்சியும் அதே தேர்தல் மாவட்டம்தான். அங்கே பாரதிபுரத்திலும் தருமபுரத்திலும் இருப்பவர்கள் யார்? கலவர காலங்களில் லயத்தை விட்டு ஓடி வன்னிக்குப் போன நமது சொந்தங்கள். நெடுந்தீவு மீனவரும் தருமபுரத்து மலையகத் தமிழரும் ஒரே வாக்குச் சீட்டில் புள்ளடி போடுகிறார்கள். இருவருக்கும் தமது ஊர் ஆள் என்று கைகாட்ட ஒருவர் இல்லை.

நம் பக்கமும் மனாப்பே சண்டையை நாம் பார்க்காததா? ஒரே கட்சி, ஒரே சின்னம், இரவில் ஒருவர் ஒட்டிய போஸ்டரை விடியுமுன் மற்றவர் கிழிக்கிறார். மஸ்கெலியாவிலிருந்து வலப்பனை வரை வாகனம் ஓட்டப் பணம் உள்ளவருக்கே அது வசதி. ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2024இல் நுவரெலியாவில் கலைச்செல்வியும் பதுளையில் அம்பிகா சாமுவேலும் மலையகத்தின் முதல் பெண் எம்.பி.க்களாகப் போனதும் இந்த விருப்பு வாக்கால்தான். நம் ஆட்கள் சிறு தொகையாக உள்ள இரத்தினபுரியிலிருந்து சுந்தரலிங்கம் பிரதீப் போனதும் மாவட்டப் பட்டியலால்தான். ஆளும் கட்சி அலை அடித்த ஆண்டு என்று சொல்லலாம், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் இரத்தினபுரி மாவட்டத்தைத் தொகுதி தொகுதியாக வெட்டி, ஒவ்வொன்றிலும் முதல் வந்தவர் மட்டும் என்று வைத்தால், எந்த அலையிலும் ஒரு தோட்டத்துப் பிள்ளை அங்கே முதலாவதாக வருவது கடினம். தொகுதி முறை வேண்டும் என்று சொல்லும் தலைவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஆகவே எம்.பி. ஊருக்குத் தெரிந்த ஆளாகவும் இருக்க வேண்டும், மொத்தக் கணக்கு வாக்கு விகிதத்துக்கு ஏற்பவும் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்க்கும் வழி உலகத்தில் இல்லாமல் இல்லை. ஜேர்மனியில் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு. ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றது கட்சிக்கு. எந்தக் கட்சிக்கு மொத்தம் எத்தனை ஆசனம் என்பதைக் கட்சி வாக்குத்தான் தீர்மானிக்கும். அங்கேயும் 5 வீத வெட்டுப்புள்ளி உண்டு. ஆனால் தேசியச் சிறுபான்மையினரின் கட்சிக்கு அது பொருந்தாது. வடக்கு எல்லையில் உள்ள டேனிஷ் சிறுபான்மையினரின் கட்சி 2021இல் அப்படித்தான் ஒரு ஆசனம் எடுத்தது. எண்ணிக்கையில் நம்மைவிட மிகச் சிறிய சமூகம் அது.

நமக்கு அனுபவமே இல்லாத முறையும் அல்ல இது. உள்ளூராட்சியில் 2018 பெப்ரவரியிலும் 2025 மே மாதத்திலும் கலப்பு முறையில்தான் வாக்களித்தோம். 60 வீதம் வட்டாரம், 40 வீதம் விகிதாசாரம். நெடுந்தீவு, வேலணை, ஊர்காவற்றுறை, காரைநகர் என்று தீவுப் பகுதியில் நாலு பிரதேச சபைகள். "இப்ப மெம்பர் எங்கட ஒழுங்கைக்குள்ளதான் இருக்கிறார், லைட் எரியேல்லையெண்டால் வீட்டில போய்க் கேக்கலாம்" என்றார் பெரியவர். அது நல்லது. ஆனால் அந்தச் சட்டத்தில் நமக்குத் தந்தது ஒரே ஒரு வாக்கு. வட்டாரத்து ஆளுக்குப் போடும் புள்ளடியே கட்சிக்கும் கணக்கு. பக்கத்து லயத்து நல்ல பிள்ளை பிடிக்காத கட்சியில் நின்றால் என்ன செய்வது? அடுத்தது, வட்டாரங்களைத் தன் விகிதத்துக்கு மேல் வென்ற கட்சி இருந்தால் சபையின் எண்ணிக்கையே கூடிவிடுகிறது. நாடு முழுவதும் முன்பு நாலாயிரத்து ஐந்நூறு அளவில் இருந்த உறுப்பினர் தொகை எட்டாயிரத்தைத் தாண்டியது. பல சபைகளில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை, தவிசாளர் யார் என்பது ஹோட்டல் அறைகளில் பேசி முடிவானது. பெண்களுக்கு 25 வீதம் என்று எழுதியதை மட்டும் இந்தச் சட்டத்தின் நல்ல பக்கமாகத் தயங்காமல் சொல்வோம்.

எல்லை நிர்ணயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நெடுந்தீவில் நாலாயிரம் பேருக்கு ஒரு பிரதேச சபை. நுவரெலியா, அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவுகளில் தலா இரண்டு லட்சம் அளவில் மக்கள் இருந்தும், 2018 தேர்தலுக்குச் சற்று முன்பு வரை ஒவ்வொன்றுக்கும் ஒரே பிரதேச சபை. இப்போது ஆறாகப் பிரித்திருக்கிறார்கள், மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று. தீவுக்குக் கொடுத்தது அதிகம் என்று யாரும் வாதாட வேண்டாம். நடுவில் கடல் இருப்பதால் அவர்களுக்குத் தனிச் சபை வேண்டும். நமக்கும் இடையில் மலை இருக்கிறது, தோட்ட எல்லை இருக்கிறது. தலைகளை எண்ணுவது மட்டும் எல்லை நிர்ணயம் ஆகாது என்பதற்கு நெடுந்தீவே சாட்சி, நாம் அதைத்தான் கேட்கிறோம்.

எல்லாவற்றையும்விட அவசரமானது மாகாண சபை. மத்திய மாகாணத்துக்கும் வட மாகாணத்துக்கும் கடைசித் தேர்தல் ஒரே நாளில் நடந்தது, 2013 செப்டெம்பர் 21. 2017இல் 17ஆம் இலக்கச் சட்டத்தால் பாதி தொகுதி, பாதி விகிதாசாரம் என்று மாற்றினார்கள். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குகூட இல்லை, 139 பேர் எதிர்த்தார்கள். பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை, தேர்தலும் இல்லை. நமது தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாணக் கல்வி அமைச்சின் கீழ் உள்ளவை. கூரை ஒழுகினால் ஆளுநரிடம் மகஜர் கொடுக்கிறோம், தெரிவு செய்தவரிடம் அல்ல. 2023 மார்ச்சில் உள்ளூராட்சித் தேர்தலைப் பணம் இல்லையென்று நிறுத்தியது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024இல் தீர்ப்புச் சொன்னது. பணம் இல்லை என்பது எப்படி ஒரு சாக்கோ, "முறையைத் திருத்துகிறோம்" என்பதும் அப்படி ஒரு சாக்காகிவிட்டது. திருத்தம் முடியும் வரை பழைய விகிதாசார முறையிலேயே மாகாணத் தேர்தலை நடத்த ஒரு சிறு சட்டத் திருத்தம் போதும்.

எனவே தேர்தல் திருத்தம் பற்றி யார் வந்து கேட்டாலும் சங்கம் சொல்ல வேண்டியது என்று கல்விக் குழு கருதுவது இது. மொத்த ஆசனம் கட்சி வாக்கின் விகிதப்படியே அமைய வேண்டும். அதற்குள் தொகுதிகள் இருக்கட்டும், இரண்டு வாக்கு இருக்கட்டும், தீவுப் பகுதி போன்ற இடங்களுக்குத் தலையெண்ணிக்கை குறைந்தாலும் ஒரு தொகுதி இருக்கட்டும். போனஸ் ஆசனம் போக வேண்டும். 29 தேசியப் பட்டியல் ஆசனங்கள் தோற்றவர்களை உள்ளே கொண்டுவரும் பின்வாசலாக இருக்கக் கூடாது. மாவட்டப் பெட்டிகளில் சிதறி வீணாகும் வாக்கை நாடளாவிய கணக்கில் ஈடு செய்ய அவற்றைப் பயன்படுத்த வேண்டும். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் களுத்துறையிலும் சிதறிய நம் வாக்கை ஒன்றுசேர்க்க வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை.

புறப்படும்போது பெரியவர் ஒரு கேள்வி கேட்டார், அதற்கு எங்களிடம் உடனே பதில் இருக்கவில்லை. "நீங்கள் சொல்லுற மாதிரி தொகுதியும் தந்து கணக்கும் பாத்தால், எங்கட ஊர்காவற்றுறைக்குப் பத்தாயிரம் வாக்கிலயும் கொழும்புக்காரருக்கு ஒரு லட்சத்திலயும் ஆள் வந்தால், அவங்கள் சும்மா இருப்பாங்களோ?" இருக்க மாட்டார்கள். அவர்களுக்கும் நியாயம் உண்டு. மொத்தக் கணக்கு விகிதப்படி சரியாக இருந்தால் ஒரு தொகுதி சிறிதாக இருப்பதால் எந்தக் கட்சிக்கும் இலாபம் இல்லை என்று படகில் வரும்போதுதான் எங்களுக்கு விளங்கியது. திரும்பிப் போய்ச் சொல்ல முடியவில்லை, இந்த இதழை அந்தக் கடை விலாசத்துக்கு அனுப்புகிறோம்.

தோட்டக் கமிட்டிகள் அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்துக்கொள்ள வேண்டும். மாதர் சங்கத்தினரும் இளைஞரும் அவசியம் இருக்க வேண்டும். யாழ்ப்பாணக் கணக்கையும் 1994 கணக்கையும் ஒரு பெரிய தாளில் எழுதிப் பிரட்டுக்களத்தில் ஒட்டினால், பேச வேண்டியவர்கள் தாமாகவே வருவார்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள், குறிப்பாகத் தொகுதி முறையே மேல் என்று சொல்பவர்கள், எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறோம்.